பிள்ளைச் செல்வமும் பங்கு முதலும்

பிள்ளைச் செல்வம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தச் செல்வத்தை நடுவில் வைத்து அமெரிக்காவில் ஒரு வியாபாரமே வளர்ந்து நிற்கிறது. குழந்தை இல்லாத தம்பதியரின் சிகிச்சைச் செலவை அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டை நிறுவனங்களுக்குச் செய்து கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் தோன்றியிருக்கின்றன. அந்தக் கம்பெனிகளில் பெரும் பணக்காரர்களும் நிதி நிறுவனங்களும் கோடி கோடியாகப் பணம் போட்டிருக்கிறார்கள்.

இதை மளிகை வியாபாரிகளின் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அன்பர்களுக்குத் தோன்றலாம். காரணம் உண்டு. நம் உறுப்பினர்கள் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். வேலையோடு சேர்த்து இந்தச் சலுகையும் அவர்களில் சிலருக்குக் கிடைக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள், "இது நல்ல தொழில், இதில் கொஞ்சம் முதல் போடலாமா?" என்று ஊரில் இருக்கும் தகப்பனாரைக் கேட்கிறார்கள். தகப்பனார் நம்மிடம் வந்து கேட்கிறார். பேசப்படும் தொகை 10 லட்சம், 20 லட்சம். அது சும்மா தூங்குகிற பணமல்ல. தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கியதாக இருக்கும், இல்லையென்றால் வாடகைக் கடையைச் சொந்தமாக்கச் சேர்த்ததாக இருக்கும். ஆகவே விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த நாட்டு வழக்கம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருத்துவக் காப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மூலமாகத்தான் வருகிறது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனியிடம் பிரீமியம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. மருத்துவமனைச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுக்கின்றன. காப்பீட்டுக் கம்பெனி கணக்கு எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா மாதிரிதான். செயற்கைக் கருத்தரிப்புச் செலவைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் 1987-லேயே போட்டது. ஆனால் கைப்பணத்தில் நடத்தும் நிறுவனங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. 1974-இல் வந்த மத்தியச் சட்டம் அவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே அந்த நிறுவனங்கள் இந்தச் சலுகையைக் கொடுத்தால் விரும்பித்தான் கொடுக்க வேண்டும். விரும்பிக் கொடுப்பவரிடம் விற்கப் போனவைதான் நாம் பேசும் இந்தப் புதுக் கம்பெனிகள்.

செலவு எவ்வளவு? ஐ.வி.எஃப். என்று சொல்லும் சோதனைக் குழாய் முறை ஒரு தடவைக்கு அங்கே 15,000 டாலரிலிருந்து 20,000 டாலர் வரை ஆகிறது. மருந்தும் பரிசோதனையும் சேர்ந்தால் 30,000 டாலரைத் தாண்டுவதும் உண்டு. ஒரு தடவையில் பலிக்கும் என்ற உறுதி இல்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கே ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். நாற்பதைத் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. அந்த மனிதரை அன்றைக்கு யாரும் நம்பவில்லை. 1981-இல் தற்கொலை செய்துகொண்டார். இது விஷயத்துக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நிறுவனங்கள் இந்தச் செலவை ஏன் ஏற்கின்றன என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, நல்ல ஆள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பது. 2014-இல் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாக்கும் செலவை 20,000 டாலர் வரை கொடுப்பதாகச் செய்தி வந்தபோது உலகமே பேசியது. பெண்ணைப் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று ஏசியவர்களும் உண்டு. ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கும் இந்தச் சலுகை உண்டு என்பதால், இதற்காகவே அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். காபி ஆற்றும் வேலைக்குப் பிள்ளை வரம் கூலி என்றால், ஆள் போட்டி போட்டுக்கொண்டு வரத்தானே செய்வார்கள்!

இரண்டாவது காரணம்தான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது. தம்பதியர் கைக்காசு போட்டுச் சிகிச்சை செய்தால், "இருப்பது ஒரு தடவைக்கான பணம்தான், எப்படியாவது பலிக்க வேண்டும்" என்று இரண்டு மூன்று கருக்களைச் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். அதனால் இரட்டையும் மூன்றுமாகப் பிறக்கும். அப்படிப் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மாதம் நிறையாமல் பிறந்து வாரக்கணக்கில் தீவிரச் சிகிச்சையில் கிடப்பார்கள். அந்தப் பில் நிறுவனத்தின் தலையில் விழும். டாலர் கணக்கில் வரம்பு போடாமல் 'இத்தனை தடவை' என்று சிகிச்சையைக் கொடுத்தால், அவசரம் இல்லாமல் ஒரே கருவை வைத்து நிதானமாகச் செய்யலாம். சிகிச்சைக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பின்னால் வரும் பெருஞ்செலவை மிச்சம் பிடிப்பது என்று இதற்குப் பெயர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இந்த 'இத்தனை தடவை' என்ற முறையைப் பெரிய அளவில் விற்ற கம்பெனி புரோஜினி. அதன் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொன்னால் மற்றவை தானே விளங்கும்.

2008-இல் ஆக்சோஜின் என்ற பெயரில் தொடங்கியபோது இது வேறு தொழில் செய்தது. கருவின் வளர்ச்சியைக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் கருவிதான் அதன் சரக்கு. 2015-இல் ஃபெர்டிலிட்டி அத்தாரிட்டி என்ற மற்றொரு கம்பெனியோடு சேர்ந்து புரோஜினி ஆனது. 2016-இல் ஐந்தே ஐந்து நிறுவனங்களை வாடிக்கையாகப் பிடித்து இந்தச் சலுகையை விற்க ஆரம்பித்தது. 2024 முடிவில் வாடிக்கை நிறுவனங்கள் 460-க்கு மேல். காப்பில் உள்ளவர்கள் 60 லட்சம் பேருக்கு மேல். 2018-இல் 10 கோடி டாலருக்குச் சற்று மேலே இருந்த ஆண்டு வருமானம் 2023-இல் 109 கோடி டாலர் ஆயிற்று.

இது என்ன வியாபாரம் என்று பார்த்தால், நம் மொத்த வியாபாரம்தான். மருத்துவமனைகளிடம் விலை பேசிச் சிகிச்சையை வாங்குகிறது. சோதனை, கருமுட்டை எடுப்பது, கருவை வைப்பது எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, அதற்கு 'ஸ்மார்ட் சைக்கிள்' என்று பெயர் வைத்து நிறுவனத்துக்கு விற்கிறது. யாராவது சிகிச்சைக்குப் போனால் அந்தக் கட்டுக்கு விலை. யாரும் போகாவிட்டாலும் ஆள் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம். மருந்தையும் 2018 முதல் தானே சேர்த்து விற்கிறது. மருந்து வகையில் மட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருகிறது.

100 டாலருக்கு விற்றால் கொள்முதலும் அதைச் சேர்ந்த செலவும் போக 22 டாலர் அளவு நிற்கிறது. சம்பளம், விற்பனைச் செலவு, வரி எல்லாம் போனால் 5, 6 டாலர் லாபம். பருப்பிலும் சர்க்கரையிலும் நாம் காண்பதைவிட இது அதிகம்தான். ஆனால் 'ஹைடெக்' கம்பெனி என்றால் 100-க்கு 80 நிற்கும் என்று நினைத்துப் பணம் போடுகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சாப்ட்வேரை ஒரு தடவை எழுதினால் ஆயிரம் பேருக்கு விற்கலாம். இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு டாக்டருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

நிலுவையும் உண்டு. 2023 முடிவில் வாடிக்கை நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 24 கோடி டாலர். ஆண்டு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகை. டாக்டருக்குக் கொடுப்பது ஒரு கெடு, நிறுவனத்திடம் வசூலிப்பது ஒரு கெடு. இடையில் உள்ள நாட்களைத் தாங்கக் கைமுதல் வேண்டும். இந்தக் கம்பெனி கடன் வாங்காமலே அதைச் சமாளித்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி அதன் பலவீனம். காப்பில் உள்ள 100 பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பெண்தான் சிகிச்சைக்கு வருகிறார். அந்த எண்ணிக்கை கொஞ்சம் இறங்கினாலும் வருமானம் ஆடிவிடும். 2024-இல் அப்படித்தான் எதிர்பார்த்த அளவு ஆட்கள் வராமல், அந்த ஆண்டு வருமான மதிப்பீட்டைக் கம்பெனியே குறைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சூடு ஆறுவதற்குள் செப்டம்பரில் ஒரு பெரிய வாடிக்கை நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் ஒப்பந்தம் வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுத்தது. கம்பெனி வருமானத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அந்த ஒரே வாடிக்கையிடமிருந்து வந்துகொண்டிருந்தது. செய்தி வெளியான அன்று பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்து 16 டாலர் பக்கம் வந்து நின்றது.

2019 அக்டோபரில் 13 டாலருக்கு முதன்முதல் வெளியான பங்கு அது. 2021-இல் 60 டாலருக்கு மேல் போனது. அந்த உச்சத்தில் வாங்கியவர் 2024 செப்டம்பரில் முதலில் முக்கால் பங்கை ஒட்டி இழந்திருந்தார். இத்தனைக்கும் கம்பெனி நொடித்துவிடவில்லை. 2024-க்கும் லாபம்தான், வருமானம் ஏறக்குறைய 117 கோடி டாலர். தொழில் நன்றாக இருப்பது வேறு, அதன் பங்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது வேறு. நல்ல மிளகையே சீசன் உச்சத்தில் வாங்கிக் கிடங்கில் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே ஹோட்டலுக்கு, ஒரே விடுதிக்கு அரிசி போட்டுப் பிழைத்த மண்டிகள் எத்தனையோ உண்டு. ஹோட்டல் முதலாளியின் மருமகன் வேறு மண்டியோடு பேசி முடித்துவிட்டால் நம் கதை என்ன? இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பணம் கொடுப்பவர் நிறுவனத்தின் பணியாளர் துறை அதிகாரி. சிகிச்சை பெறுபவர் அங்கே வேலை பார்க்கும் பெண். பெண்ணுக்கு எவ்வளவு திருப்தி இருந்தாலும், அதிகாரி வேறு முடிவு எடுத்தால் வாடிக்கை போய்விடும். அந்த நிறுவனமே ஆட்களைக் குறைத்தாலும் அப்படியே. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி 2022 நவம்பரில் 11,000 பேரை அனுப்பியது; 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இம்மாதிரிச் சலுகைகளை முதலில் வாங்கியவை இத்தகைய கம்பெனிகளே.

மற்றவர்கள்

மேவன் கிளினிக் 2014-இல் நியூயார்க்கில் கேட் ரைடர் என்ற அம்மையார் தொடங்கியது. டெலிபோன், கம்ப்யூட்டர் வழியாக டாக்டர்களையும் செவிலியர்களையும் பேச வைக்கும் முறை. கேரட் என்ற கம்பெனி 2016-இல் தொடங்கியது. நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கும். ஊழியர் அதைக் கார்டு போட்டுச் செலவு செய்யலாம். 2018-இல் வந்த கைண்ட்பாடி இன்னொரு வழியில் போனது. இடையில் நின்று வாங்கி விற்காமல் மருத்துவமனைகளையே சொந்தமாக நடத்தியது. 2022-இல் வால்மார்ட் அதன் வாடிக்கையானது. சொந்தக் கிடங்கு, சொந்த லாரி வைத்துக்கொள்ளும் மண்டிக்காரரைப் போல, வியாபாரம் இருக்கும் வரை லாபம் கூடுதல்; வியாபாரம் படுத்தால் வாடகையும் சம்பளமும் படுக்காது.

இவை பங்குச் சந்தைக்கு வராத கம்பெனிகளாக இருக்கும்போதே 'மதிப்பு' என்று ஒரு தொகையைப் பத்திரிகையில் போடுவார்கள். மேவன் 2024 அக்டோபரில் 12.5 கோடி டாலர் திரட்டியது. மதிப்பு 170 கோடி டாலர் என்றார்கள். இந்த மதிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கிடங்கில் 1,000 மூட்டை மல்லி இருக்கிறது. அவசரக்காரர் ஒருவர் வந்து 70 மூட்டையை ஒரு விலைக்கு எடுத்துப் போகிறார். அந்த விலையை 1,000-ஆல் பெருக்கிக் கிடங்கின் மதிப்பு என்று எழுதுவது போன்றது இது. மீதி மூட்டைகளுக்கு அந்த விலை கிடைக்குமா என்பது விற்கப் போகும் அன்றுதான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பின்னால் வந்து பெரும் பணம் போடுபவர்கள் வெறும் பங்கை வாங்குவதில்லை. கம்பெனியை விற்றாலும் மூடினாலும் எங்கள் முதலை முதலில் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் அன்புக்காகப் பணம் போட்ட மாமனும் சித்தப்பாவும் அந்த வரிசையில் கடைசியில் நிற்பார்கள். முதல் எப்போது திரும்பும் என்பதற்கும் கெடு இல்லை. புரோஜினியே 2008-இல் பிறந்து 2019-இல்தான் சந்தைக்கு வந்தது; நடுவில் தொழிலையே மாற்றிக்கொண்டது. பதினோரு வருஷம் காத்திருந்தவர்கள் பெரும் நிதி நிறுவனங்கள். அவர்கள் பத்துக் கம்பெனியில் போட்டு ஒன்று பலித்தால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள். நம் உறுப்பினர் ஒரே கம்பெனியில் போடுகிறவர்.

சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு ரசிக்கத்தக்க ஒரு முயற்சியும் நடந்தது. பேபால் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் லெவ்சின், 2013-இல் குளோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். மாதம் 50 டாலர் வீதம் பத்து மாதம் கட்ட வேண்டும். இடையில் கருத்தரித்தவர் கட்டிய பணத்தை விட்டு விலகிவிடுவார். பத்து மாதம் முடிந்தும் கருத்தரிக்காதவர்கள் மொத்தப் பணத்தையும் சிகிச்சைக்காகப் பங்கிட்டுக்கொள்வார்கள். லெவ்சினே 10 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்காகக் கட்டலாம் என்று விரித்தார்கள். யோசனை அழகானது. ஆனால் ஏலம் எடுக்கும் அவசரம் உள்ளவர்களே எல்லாரும் ஒரு சீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சீட்டு நடத்தியவர்களுக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கிறவர் நாலு பேராவது இருந்தால்தான் சீட்டு நிற்கும்.

அந்தக் குளோ கம்பெனி மேல் வேறொரு புகார் வந்தது. மாதவிலக்கு, கருச்சிதைவு போன்ற பெண்களின் அந்தரங்க விவரங்கள் அதன் செல்போன் ஏற்பாட்டில் பத்திரமாக இல்லை என்று கலிபோர்னியா அரசு வழக்கறிஞர் நடவடிக்கை எடுத்தார். 2020-இல் 2,50,000 டாலர் கட்டி அது தீர்ந்தது. இந்தத் தொழிலில் சரக்கு என்பது மருந்தும் சிகிச்சையும் மட்டுமல்ல, பிறத்தியார் வீட்டு ரகசியமும் சேர்ந்ததுதான் என்பதை முதல் போடுகிறவர் மறக்கக் கூடாது. பிள்ளையில்லாத துயரத்தை நம் தெருக்களிலும் வீடுகளிலும் பார்த்தவர்கள் நாம். கோயில் கோயிலாகப் போகிற பெண்ணின் பேரை யாரும் வெளியே சொல்ல மாட்டோம். அந்த மரியாதையை ஒரு கம்பெனி காப்பாற்றுகிறதா என்று கேட்பதும் முதலீட்டுக் கணக்கில் சேர்ந்ததே. அதைக் காப்பாற்றாத கம்பெனியை எந்த நிறுவனமும் ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுக்காது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம், உறையவைத்த கருவும் சட்டப்படி குழந்தையே என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த மாநிலத்து மருத்துவமனைகள் சில உடனே சிகிச்சையை நிறுத்திவிட்டன. மார்ச்சில் சட்டசபை கூடி மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்ட பிறகே மறுபடி தொடங்கின. கலிபோர்னியா இதற்கு நேர் எதிர்; பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் காப்பீடுகளில் ஐ.வி.எஃப். கட்டாயம் என்று 2024-இல் சட்டம் போட்டு, 2026 ஜனவரி முதல் அமல் என்று வைத்தது. ஒரே தொழில், ஒரே நாடு. ஒரு மாநிலத்தில் கதவு சாத்துகிறது, இன்னொன்றில் திறக்கிறது.

கேட்டு வந்த உறுப்பினர்களுக்கு நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். தொழில் பொய்யானதல்ல. இதில் லாபம் பார்ப்பது பாவமும் அல்ல. டாக்டர் கட்டணம் வாங்குகிறார், மருந்துக் கடைக்காரர் விலை வாங்குகிறார், இடையில் ஒழுங்கு செய்து கொடுப்பவரும் வாங்கட்டும். ஆனால் சந்தைக்கு வராத கம்பெனியில், யாரோ தெரிந்தவர் சொன்னார் என்று தீபாவளிச் சரக்குப் பணத்தைப் போடக் கூடாது. மகன் கம்பெனிக் கணக்கை அனுப்பினால், கதை எழுதிய பக்கங்களைத் தள்ளிவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: முதல் ஐந்து வாடிக்கைகளிடமிருந்து வருமானத்தில் எத்தனை பங்கு வருகிறது, ஒப்பந்தத்தை எத்தனை நாள் நோட்டீஸில் முறிக்கலாம், டாக்டர்களுக்குக் கொடுத்தது போக என்ன நிற்கிறது. இந்த மூன்றையும் காட்ட மறுக்கிற கம்பெனிக்கு நாம் ஒரு மூட்டை கடனாகக் கொடுப்போமா?

நம் நாட்டு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. புரோஜினி போன்று சந்தையில் உள்ள பங்கை அந்த வழியில் வாங்கலாம். இங்குள்ள தனியார் முதலீட்டு நிதிகளில் சேர்வதென்றால் பொதுவாகக் குறைந்தது 1 கோடி வேண்டும் என்பது செபியின் விதி. ஆகவே "ஐந்து லட்சம் கொடுங்கள், நிதியில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் எந்த நிதி, செபி பதிவு எண் என்ன என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. நம் ஏப்ரல்-மார்ச் கணக்கு அல்ல. ஆடிட்டரிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.